கலங்கரை விளக்கத்துக்குச் சோறு கொண்டுபோன கப்பல்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த ‘ஆங்’, ‘ம்ம்’ எல்லாம் எடுத்தாச்சு. சொன்னதையே திரும்பச் சொன்ன ரெண்டு மூணு இடத்தையும் வெட்டிட்டோம்.)

ரெண்டு வாரம் முன்னாடி என் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினான். அவன் இப்ப ஸ்காட்லாந்துல, எடின்பரோல மாஸ்டர்ஸ் படிக்கிறான். போட்டோல ஒரு கப்பல். உள்ள பளபளன்னு மர வேலைப்பாடு, வெள்ளை மெத்தை, வட்ட ஜன்னல். “மச்சான், இது ஹோட்டல். ஒரு நைட்டுக்கே என் மாச வாடகைல பாதி போயிடும் போல”ன்னு கீழ எழுதியிருந்தான்.

கப்பல் பேரு ஃபிங்கல். லீத் துறைமுகத்துல நிக்குது. சும்மா பேரைத் தேடிப் பார்த்தேன். தேடினா, இந்தக் கப்பல் பொறந்தது சொகுசுக்கே இல்ல. வாழ்க்கை முழுக்க இது ஒரு லாரி. கடல் லாரி. சுமார் 37 வருஷம் கலங்கரை விளக்கங்களுக்கு எண்ணெய், தண்ணி, அரிசி பருப்பு மாதிரி அவங்க ஊரு மளிகை, தபால், ஆள் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு அலைஞ்ச வண்டி. அன்னிக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சேன். அதான் இந்த எபிசோடு.

முதல்ல ஒரு விஷயம். நாம கலங்கரை விளக்கம்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மெரினா. பறக்கும் ரயில்ல ‘கலங்கரை விளக்கம்’னு ஸ்டேஷனே இருக்கு. அந்த லைட்ஹவுஸ்ல லிஃப்ட் இருக்கு. கரன்ட்டு ரோட்டுல இருந்து வருது. அங்க வேலை பார்க்கிறவருக்கு டீ வேணும்னா எதிர்ல போய்க் குடிக்கலாம். அதனால ஒரு விளக்கை ‘ஓட்டுறதுக்கு’ என்னென்ன வேணும்கிற கேள்வியே நமக்கு வர்றதில்ல.

இப்ப ஸ்கெரிவோர்னு ஒரு இடம். ஸ்காட்லாந்தோட மேற்குக் கரைக்கு வெளியே டைரீன்னு ஒரு தீவு. அந்தத் தீவுல இருந்து இன்னும் சுமார் 19 கிலோமீட்டர் தென்மேற்கா போனா, அட்லாண்டிக் நடுவுல கொஞ்சம் பாறை தலையைத் தூக்கிக்கிட்டு இருக்கும். அவ்ளோதான். அந்தப் பாறை மேல 48 மீட்டர் உயரத்துக்குக் கருங்கல் கோபுரம். ஆலன் ஸ்டீவன்சன்னு ஒரு இன்ஜினியர் கட்டினார். 1844ல விளக்கு ஏத்தினாங்க. அங்க மரம் கிடையாது, ஊற்று கிடையாது, மண்ணே கிடையாது. உள்ள இருக்கிற ஆள் குடிக்கிற தண்ணில இருந்து விளக்குத் திரி வரைக்கும் எல்லாமே வெளியில இருந்து வரணும். வரலைன்னா விளக்கு நின்னுடும். விளக்கு நின்னா, அந்தப் பக்கம் ராத்திரி வர்ற கப்பலுக்கு அங்க பாறை இருக்குன்னே தெரியாது.

நம்ம பாஷைல சொன்னா, கோபுரம்கிறது சர்வர். எல்லாரும் போட்டோ எடுக்கிறது அதைத்தான். அந்த சர்வர் ஓடணும்னா டீசல் ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்துற அண்ணன் ஒருத்தர் இருப்பார் பாருங்க, அவர்தான் இந்தக் கப்பல்.

ஸ்காட்லாந்துல இந்த வேலையைப் பார்க்கிறது நார்தர்ன் லைட்ஹவுஸ் போர்டு. 1786ல ஆரம்பிச்ச அமைப்பு, இன்னிக்கும் எடின்பரோ ஜார்ஜ் தெருவுல ஆபீஸ் இருக்கு. செலவுக்குப் பணம் எங்கிருந்துன்னு கேட்டா, துறைமுகத்துக்கு வர்ற கப்பல்கள் கிட்ட வசூல் பண்ற ‘விளக்கு வரி’. ரோட்டுக்கு டோல் மாதிரி. (பொருளாதாரம் படிச்சவங்களுக்கு ரொனால்டு கோஸ் 1974ல கலங்கரை விளக்கத்தைப் பத்தி எழுதின கட்டுரை ஞாபகம் வரும். அது தனி எபிசோடு, இப்ப வேண்டாம்.) இந்த போர்டோட விளக்குகள்ல பெரும்பாலானதைக் கட்டினது ஸ்டீவன்சன்னு ஒரே குடும்பம், தலைமுறை தலைமுறையா. ‘ட்ரெஷர் ஐலண்ட்’ எழுதின ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் அந்த வீட்டுப் பிள்ளைதான். இன்ஜினியரிங் படிக்க அனுப்பினாங்க, ‘எனக்கு இது வேண்டாம்’னு எழுத்தாளர் ஆயிட்டார். நம்ம வீடுகள்ல நடக்கிற கதை அங்கேயும் நடந்திருக்கு.

அந்தக் குடும்பத்துல பெரியவர் ராபர்ட் ஸ்டீவன்சன், அதாவது எழுத்தாளரோட தாத்தா. அவர் கட்டினது பெல் ராக். ஆர்ப்ரோத் ஊருல இருந்து சுமார் 18 கிலோமீட்டர் கடலுக்குள்ள ஒரு பாறை. கடல் வற்றும்போது சில மணி நேரம் மட்டும் வெளிய தெரியும். ஏறும்போது மொத்தமா முங்கிடும், மேல ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு தண்ணி நிக்கும். அங்க போய்க் கோபுரம் கட்டணும். வேலை நேரமே அந்தச் சில மணி நேரம்தான்.

1807 செப்டம்பர் 2. பாறை மேல 32 பேர். அவங்கள்ல சில பேரைக் கொண்டு வந்து விட்ட கப்பல் பேரு ஸ்மீட்டன். பக்கத்துல கட்டிப் போட்டிருந்தாங்க. காத்து ஏறுச்சு, கட்டு விட்டுப் போச்சு. கப்பல் மெல்ல நகர்ந்து போகுது. திரும்பி வரணும்னா காத்துக்கும் நீரோட்டத்துக்கும் எதிரா வரணும். அதுக்குள்ள தண்ணி ஏறிடும். பாறைல மிச்சம் இருந்தது ரெண்டு சின்னப் படகு. 32 பேருக்குப் பத்தாது.

இதை முதல்ல கவனிச்சது ஸ்டீவன்சனும், படகு இறக்குற பொறுப்புல இருந்தவரும்தான். மத்தவங்க குனிஞ்சு பாறையைக் கொத்திக்கிட்டு இருக்காங்க. சுத்தியல் சத்தத்துல ஒண்ணும் தெரியல. கொஞ்ச நேரத்துல தண்ணி ஏறி உலை அணைஞ்சது. எல்லாரும் படகுப் பக்கம் வந்தாங்க. மூணு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு. யாரும் ஒரு வார்த்தை பேசலையாம். எண்ணிப் பார்த்துட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறாங்க. ஸ்டீவன்சன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாய் வறண்டு நாக்கு அசையல. பாறைக் குழில இருந்த தண்ணியை அள்ளி வாயை நனைச்சுட்டு நிமிர்றார், அப்போ யாரோ ‘படகு! படகு!’ன்னு கத்துறாங்க.

வந்தது ஜேம்ஸ் ஸ்பிங்க்கிற ஆர்ப்ரோத் பைலட்டோட படகு. காப்பாத்த வரல, அவருக்கு விஷயமே தெரியாது. கடிதம் கொடுக்க வந்தார். 32 பேர் பிழைச்சது அன்னிக்குத் தபால் வந்ததால. அந்தப் படகு ஒரு நாள் தள்ளி வந்திருந்தா பெல் ராக் கோபுரமும் இல்ல, ஸ்டீவன்சன் பரம்பரையும் இல்ல, ‘ட்ரெஷர் ஐலண்ட்’டும் இல்ல. எனக்கு இந்த இடத்துல கொஞ்சம் புல்லரிச்சது, ஒத்துக்கிறேன்.

சரி, ஃபிங்கலுக்கு வருவோம். 1963ல கிளாஸ்கோல பிளைத்ஸ்வுட்னு ஒரு கப்பல் கட்டும் நிறுவனம் கட்டுச்சு. வாழ்க்கைல பெரும்பகுதி ஓபன்கிற மேற்குக் கரை ஊருல இருந்து ஓடுச்சு, சுமார் 30 வருஷம். கடைசிச் சில வருஷம் வடக்கே ஆர்க்னி தீவுல ஸ்ட்ரோம்னஸ்.

இந்தக் கப்பலோட ஒரு சாதாரண வேலை நாள் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இதுக்கு ‘ரிலீஃப்’னு பேரு. கோபுரத்துல பொதுவா மூணு பேர் இருப்பாங்க. சில வாரத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் இறங்கணும், கரைல இருந்து ஒருத்தர் ஏறணும். கூடவே சாமான் ஏறணும், காலிப் பெட்டி இறங்கணும். கேட்க ஷிஃப்ட் மாத்துற மாதிரி இருக்கு. ஆனா கப்பல் பாறைக்குப் பக்கத்துல போகவே முடியாது. போனா கப்பலே உடைஞ்சிடும். எட்டத்துல நிப்பாங்க. சின்ன மோட்டார் படகை இறக்குவாங்க. அது பாறையை ஒட்டி வந்து, மோதாம, விலகாம அலையில ஏறி இறங்கிக்கிட்டே நிக்கணும். பாறைல இருந்து கயிறு வரும். மேல பளு தூக்குற கம்பம், கப்பி. வர்ற ஆள் கயித்தைப் பிடிச்சுக்குவார், அலை படகை மேல தூக்குற நொடில மேல இழுப்பாங்க. ஒரு நொடி தப்பிச்சா இடுப்பு வரைக்கும் குளியல். ரெண்டு நொடி தப்பிச்சா பேச்சே இல்ல.

நாம கண்டுக்காத விஷயம் ஒண்ணு இதுல இருக்கு. கோபுரத்துக்குள்ள இருக்கிறவருக்குத் தன் ஷிஃப்ட் முடியற தேதி தெரியும், முடியற நாள் தெரியாது. ரெண்டும் வேற வேற. கேலண்டர்ல இன்னிக்கு ரிலீஃப்னு போட்டிருக்கும். காலைல கப்பல் வரும், கண்ணுக்குத் தெரியும், சுத்திச் சுத்திப் பார்க்கும், அலை பெருசா இருக்குன்னு திரும்பிப் போயிடும். நாளைக்கும் அதே கதை. கரைல பொண்டாட்டி பிள்ளை காத்துக்கிட்டு இருப்பாங்க. ‘இறக்கலாமா வேண்டாமா’ன்னு முடிவு பண்றது கப்பல் கேப்டன். அவர் வேண்டாம்னு சொன்னா மேல இருக்கிறவர் கோபப்படுவார். சரின்னு சொல்லி ஏதாவது ஆச்சுன்னா ஒரு உயிர் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் போடலாமா வேண்டாமான்னு நாங்க மண்டையை உடைச்சுக்கிறதெல்லாம் இதுக்கு முன்னாடி ரொம்பச் சின்ன விஷயம்.

இதுலதான் ஹெஸ்பெரஸ் கதை வருது. ஃபிங்கலுக்கு ரெண்டு தலைமுறை முன்னாடி ஓடின சப்ளை கப்பல். உங்கள்ல பல பேர் ஃபிளானன் தீவு மர்மம்னு யூடியூப்ல பார்த்திருப்பீங்க. மூணு பேர் காணாமப் போனாங்க, பாதிச் சாப்பாடு மேஜைல இருந்துச்சு, நாற்காலி கவிழ்ந்து கிடந்துச்சு, டைரில ‘நாங்க அழுதோம்’னு எழுதியிருந்துச்சு, அப்படின்னு. அதை எல்லாம் ஓரமா வெச்சுடுங்க. கவிழ்ந்த நாற்காலியும் தொடாத சாப்பாடும் 1912ல வில்ஃப்ரிட் கிப்சன்னு ஒரு கவிஞர் எழுதின கவிதைல வர்றது. அழுத டைரியும் பின்னாடி யாரோ கட்டிவிட்டது. நடந்ததை ஹெஸ்பெரஸ் பக்கத்துல நின்னு பார்த்தா வேற மாதிரி தெரியும்.

ஃபிளானன், லூயிஸ் தீவுக்கு மேற்கே சுமார் 32 கிலோமீட்டர்ல இருக்கு. விளக்கு ஏத்தினது 1899 டிசம்பர்ல. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஹெஸ்பெரஸ் வரும். 1900 டிசம்பர் 7ஆம் தேதி வந்துச்சு. போர்டு மேற்பார்வையாளர் ராபர்ட் மியூர்ஹெட் அன்னிக்கு அவரே வந்து, மூணு பேருக்கும் கை கொடுத்துட்டுப் போனார். ஜேம்ஸ் டுகாட், தாமஸ் மார்ஷல், டொனால்ட் மெக்ஆர்தர். மெக்ஆர்தர் தற்காலிக ஆள், உடம்பு சரியில்லாத ஒருத்தருக்குப் பதிலா வந்தவர். அடுத்த வருகை 20ஆம் தேதி.

அப்போ ரேடியோ கிடையாது. தீவுல ஏதாவது ஆபத்துன்னா கரைக்கு எப்படித் தெரியும்? லூயிஸ் கரைல ஒருத்தருக்குச் சம்பளம் கொடுத்து, தினமும் அந்தப் பக்கம் பாருங்கன்னு வெச்சிருந்தாங்க. ராத்திரி விளக்கு தெரியுதா, பகல்ல கொடி ஏதாவது தெரியுதா. பிரச்சனை என்னன்னா, அது வட அட்லாண்டிக் குளிர்காலம். மூடுபனி, மழை. விளக்கு நல்லா எரியும்போதே நாலஞ்சு நாள் சேர்ந்தாப்ல கரைல இருந்து தெரியாது. அதனால ‘விளக்கு தெரியல’ங்கிறது அவருக்கு ஒரு செய்தியே இல்ல.

இங்க கொஞ்சம் என் சொந்தக் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல, ராத்திரி ஓடுற ஒரு ஜாப் ஃபெயில் ஆனா அலர்ட் வரணும். அந்த அலர்ட் வாரத்துக்கு நாலு தடவை காரணமே இல்லாம வரும். நான் என்ன பண்ணேன்? மியூட் பண்ணேன். எல்லாரும் பண்ணாங்க. ஒரு நாள் நிஜமாவே ஜாப் செத்துப் போச்சு, மூணு நாள் யாருக்கும் தெரியல. யார் உயிரும் போகல, ஒரு கிளையன்ட்கிட்ட திட்டு வாங்கினதோட முடிஞ்சது. ஆனா அந்தக் கரைல நின்னு பனியைப் பார்த்துக்கிட்டு இருந்த ஆளை என்னால குறை சொல்ல முடியல. சிஸ்டத்தோட வடிவமே அப்படி. நல்லா இருக்கும்போதும் அமைதி, நாசமாப் போனாலும் அமைதி.

டிசம்பர் 15 ராத்திரி ஆர்க்டார்னு ஒரு சரக்குக் கப்பல் அந்தப் பக்கமாப் போச்சு. விளக்கு எரியலைன்னு கவனிச்சாங்க. அது லீத் போய்ச் சேர்ந்தது 18ஆம் தேதி. அந்தத் தகவல் போர்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரல. 20ஆம் தேதி ஹெஸ்பெரஸ் போகணும், புயல். போக முடியல. அப்புறம் கிறிஸ்துமஸ். கடைசில டிசம்பர் 26 மதியம்தான் கேப்டன் ஜேம்ஸ் ஹார்வி தீவுகிட்ட போக முடிஞ்சது.

சப்ளை கப்பலோட ஆளுங்க முதல்ல எதைக் கவனிச்சாங்கன்னு பாருங்க. கொடிக்கம்பத்துல கொடி இல்ல. இறங்குதுறைல காலிப் பெட்டிகள் இல்ல. வழக்கமா கப்பல் வருதுன்னு தெரிஞ்சா மேல இருக்கிறவங்க காலிப் பெட்டிகளைக் கீழ கொண்டு வந்து அடுக்கி வெச்சிருப்பாங்க, நிரப்பிக் கொடுக்கிறதுக்கு. நம்ம ஊருல காலி சிலிண்டரை வாசல்ல வைக்கிற மாதிரி. சிலிண்டர் வாசல்ல இல்ல. ஹார்வி ஊதல் ஊதினார், ராக்கெட் விட்டார். பதில் இல்ல.

ஜோசப் மூர், லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்பின நாலாவது ஆள், தனியா மேல ஏறினார். கேட் சாத்தியிருக்கு, கதவு சாத்தியிருக்கு. கடிகாரம் நின்னு போச்சு. அடுப்பு எரிஞ்சு பல நாள் ஆச்சு. படுக்கை காலி. ஆனா விளக்கு துடைச்சு, எண்ணெய் ஊத்தி, ஏத்துறதுக்குத் தயாரா இருந்துச்சு. பலகைல கடைசிக் குறிப்பு 15ஆம் தேதி காலை 9 மணி. அன்னிக்குப் பகல்ல செய்ய வேண்டிய வேலை எல்லாம் முடிஞ்சிருக்கு. சாயங்காலம் ஏத்த யாரும் இல்ல.

மியூர்ஹெட் வந்து விசாரிச்சார். மேற்கு இறங்குதுறைல, கடல் மட்டத்துக்கு மேல 33 மீட்டர் உயரத்துல பாறை இடுக்குல ஒரு பெட்டி வெச்சிருந்தாங்க. கயிறு வைக்கிற பெட்டி. அது உடைஞ்சு கிடந்துச்சு. இரும்புக் கைப்பிடிக் கம்பிகள் முறுக்கிக்கிட்டு இருந்துச்சு. டுகாட், மார்ஷல் ரெண்டு பேரோட பூட்ஸும் மழைக்கோட்டும் இல்ல, போட்டுக்கிட்டுப் போயிருக்காங்க. மெக்ஆர்தரோட கோட்டு அங்கேயே இருக்கு. அவசரமா ஓடியிருக்கணும். சனிக்கிழமை மதியம் அந்தக் கயிறுப் பெட்டியைப் பத்திரப்படுத்தப் போனாங்க, எதிர்பாராத ஒரு பேரலை வந்து அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு, இதுதான் அவர் முடிவு.

எதுக்கு அந்தக் கயிறு? கப்பல்ல இருந்து ஆளையும் சாமானையும் இறக்குறதுக்கு. அந்தக் கயிறு போயிடுச்சுன்னா 20ஆம் தேதி ஹெஸ்பெரஸ் வந்தாலும் இறக்குறது கஷ்டம். மியூர்ஹெட் சொன்னது சரின்னா, அந்த மூணு பேரும் செத்தது விளக்குக்காகன்னு சொல்றதை விட, அடுத்த சப்ளைக்காகன்னுதான் சொல்லணும். யூடியூப் வீடியோல பேய், வேற்றுக்கிரகவாசி எல்லாம் வருது, கயிறு வர்றதே இல்ல. எனக்கு அதுல கொஞ்சம் கோபமே.

அன்னிக்கு ஹார்வி பண்ணதையும் சொல்லணும். மூர் கூடக் கப்பல்ல இருந்து மூணு பேரை அந்தத் தீவுலயே விட்டுட்டுப் போனார். மூணு பேர் காணாமப் போன இடத்துல, என்ன ஆச்சுன்னே தெரியாம, இருட்டுற நேரத்துல ‘நீங்க இருங்க, விளக்கு எரியணும்’னு சொன்னா இருக்கணும். இருந்தாங்க. அன்னிக்கு ராத்திரி ஃபிளானன் விளக்கு எரிஞ்சது. ஹார்வி லூயிஸ் போய்த் தந்தி அடிச்சார்.

கொஞ்சம் பாரத்தை இறக்குவோம். சப்ளை கப்பலுக்கு இன்னொரு பாதி வேலை உண்டு. அதை யாரும் கதையா எழுதல, ஏன்னா அதுல அழுக்குதான் இருக்கு. மிதவை. துறைமுக வாய்ல, ஆழம் குறைஞ்ச இடத்துல, வழி காட்ட மிதந்துக்கிட்டு நிக்கும் பாருங்க, அது. மேல நீங்க பார்க்கிறது ஒரு இரும்புக் கூண்டு. கீழ கனமான சங்கிலி, சங்கிலி நுனில டன் கணக்குல ஒரு பாரம். அவ்வப்போது கப்பல் போய் மொத்தத்தையும் மேல தூக்கணும். தூக்கினா அடிப்பக்கம் முழுக்கப் பாசி, சிப்பி, கொட்டலசு. நம்ம மீனவர்கள் போட்டு அடியில சுரண்டுறாங்களே, அதே வேலைதான், அளவு மட்டும் பெருசு. சுரண்டி, பெயின்ட் அடிச்சு, சங்கிலியோட ஒவ்வொரு கண்ணியும் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளந்து பார்ப்பாங்க. தரையைத் தொட்டுத் தொட்டு எழும்புற பகுதிதான் சீக்கிரம் தேயும், மணலும் அலையும் சேர்ந்து அரம் போட்ட மாதிரி அறுக்கும். தேஞ்சிருந்தா மாத்தணும். மாத்தாம விட்டா ஒரு நாள் அறுந்து மிதவை தனியாப் போகும். இடம் மாறின மிதவை, மிதவையே இல்லாததை விட ஆபத்து. கப்பல் அதை நம்பித் திரும்பும்.

அந்த மிதவை மேல விளக்கு எப்படி எரிஞ்சது? ஆள் கிடையாது, கரன்ட் கிடையாது. பதில் குஸ்தாஃப் டாலேன்னு ஒரு ஸ்வீடன் இன்ஜினியர். அசிட்டிலீன் கேஸ்ல எரியற விளக்கு. பகல்ல எரிஞ்சா கேஸ் வீண். அதனால 1907ல சூரிய வால்வுன்னு ஒண்ணு கண்டுபிடிச்சார். நடுவுல கறுப்புக் கம்பி, சுத்தியும் பளபளப்பான கம்பிகள். வெயில் பட்டா கறுப்பு அதிகமாச் சூடாகி நீளும், பளபளப்பு நீளாது. அந்த மயிரிழை வித்தியாசத்துல கேஸ் அடைஞ்சுக்கும். பொழுது சாஞ்சா சுருங்கும், திறந்துக்கும். சென்சார் இல்ல, கோடு இல்ல, பேட்டரி இல்ல. உலோகம் வெயில்ல விரியும்கிற எட்டாம் வகுப்புப் பாடம். 1912ல இதுக்காக இயற்பியல் நோபல் கிடைச்சது. அதே வருஷம் ஒரு சோதனைல கேஸ் வெடிச்சு அவருக்குக் கண் போயிடுச்சு. ராத்திரில உலகத்துக்கு வழி காட்டின ஆள் மிச்ச 25 வருஷத்தையும் கண் தெரியாமலேயே, வேலை பார்த்துக்கிட்டே வாழ்ந்தார்.

இந்த மாதிரி ஆளில்லாத விளக்கு வந்தா சப்ளை கப்பலுக்கு என்ன ஆகும்? ஆரம்பத்துல வேலை கூடும். கேஸ் சிலிண்டர் கொண்டு போகணும், புது மெஷின் கொண்டு போகணும், பொருத்துற ஆளைக் கூட்டிட்டுப் போகணும். ஃபிங்கல் கடலுக்கு வந்த 1963லயே இந்தக் கதை ஆரம்பிச்சாச்சு. ஃபிளானன் விளக்குல 1971ல ஆளை எடுத்தாங்க. 70கள்ல ரிலீஃபுக்கு ஹெலிகாப்டர் வந்துச்சு. கப்பல் நாள் கணக்கா சுத்திச் சுத்தி வந்த வேலை, சில நிமிஷம். ஸ்கெரிவோர் 1994ல ஆளில்லாத விளக்கு ஆச்சு. 1998 மார்ச் 31, ஃபேர் ஐல் தீவின் தெற்கு விளக்குல இருந்து கடைசிக் காவலர்கள் இறங்கினாங்க. அதோட ஸ்காட்லாந்துல ஆள் இருக்கிற கலங்கரை விளக்கம் ஒண்ணு கூட இல்ல. எல்லா விளக்கையும் எடின்பரோ ஆபீஸ்ல இருந்து கம்ப்யூட்டர்ல பார்க்கிறாங்க. விளக்கு அணைஞ்சா இப்போ அதுவே சொல்லும், கரைல ஒருத்தர் பனியை முறைச்சுக்கிட்டு நிக்க வேண்டாம்.

நான் ஆட்டோமேஷன்ல சம்பளம் வாங்குற ஆள். அதனால இதைக் கெட்டதுன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல, கெட்டதுன்னு நினைக்கவும் இல்ல. டுகாட், மார்ஷல் மாதிரி யாரும் இனி கயிறுப் பெட்டிக்காக ஓட வேண்டாம். ஆனா ஃபிங்கல்ல வேலை பார்த்தவங்களை யோசிச்சேன். ஆளை எடுக்கிறதுக்கான மெஷினைத் தூக்கிட்டுப் போய், அந்த ஆளோட கட்டிலையும் பெட்டியையும் திருப்பி ஏத்திட்டு வர்றதும் சப்ளை கப்பல் வேலைல சேர்ந்ததுதான். நமக்கும் ஆபீஸ்ல அப்பப்ப இந்த மாதிரி டிக்கெட் வரும். யாருடைய வேலையை எழுதறோம்னு தெரிஞ்சேதான் எழுதறோம்.

2000ல ஃபிங்கலை வித்துட்டாங்க. அதோட இடத்துக்குப் போல் ஸ்டார்னு புதுக் கப்பல் வந்துச்சு. வாங்கினவர் பேரை வின்ட்சர் காசில்னு மாத்தினார். பல வருஷம் தெற்கே கார்ன்வால்ல ஃபால் ஆத்துல சும்மா கட்டிப் போட்டிருந்துச்சு. 2014ல ராயல் யாட் பிரிட்டானியாவைப் பார்த்துக்கிற அறக்கட்டளை வாங்கி, லீத் கொண்டு வந்து, பழைய பேரைத் திருப்பி வெச்சு, 2019ல ஹோட்டலாத் திறந்தாங்க. ரூம்களுக்கு நம்பர் இல்ல. ஸ்டீவன்சன் குடும்பம் கட்டின கலங்கரை விளக்கங்களோட பேர் வெச்சிருக்காங்க. ஒரு காலத்துல எந்தப் பாறைக்கு அலைல குதிச்சு இறங்கினாங்களோ, அந்தப் பாறையோட பேர் போட்ட ரூம்ல இப்ப காலைல ஆறாத காபி.

கிண்டல் பண்ணத் தோணும். நான் பண்ண மாட்டேன். இந்த வகைக் கப்பல்கள் பெரும்பாலும் உடைச்சுப் பழைய இரும்புக்குத்தான் போகும். இது ஒண்ணாவது மிதக்குது. ஆனா ஹோட்டலுக்குப் போறவங்க முன் தளத்துல கொஞ்சம் நின்னு பாருங்க. மிதவைகளைத் தூக்கிப் போட்டுச் சுரண்டின இடம் அதுதான்.

இன்னொண்ணு, வேலை முழுசா முடிஞ்சு போகல. போர்டுகிட்ட இன்னிக்கும் 200க்கு மேல விளக்குகள் இருக்கு, ஃபாரோஸ், போல் ஸ்டார்ங்கிற அதே பழைய பேர்ல இன்னும் கப்பல்கள் ஓடுது. சோலார் பேனல், எல்ஈடி, பேட்டரி எல்லாம் வந்தாச்சு. கொட்டலசுக்கு மட்டும் இன்னும் ஆட்டோமேஷன் வரல. மிதவையைத் தூக்கணும், சுரண்டணும், சங்கிலியை அளக்கணும், திருப்பி அதே இடத்துல போடணும்.

என் ஃப்ரெண்டுக்கு இதை எல்லாம் வாய்ஸ் நோட்டா அனுப்பினேன், பதினோரு நிமிஷம். “சரிடா, அப்போ ஒரு நைட் தங்கலாமா வேண்டாமா, அதைச் சொல்லு”ன்னு கேட்டான். சம்பளம் வந்ததும் பார்த்துக்கலாம், இப்போதைக்கு வெளிய நின்னு அந்த முன் தளத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புன்னு சொல்லியிருக்கேன். இன்னும் வரல. லீத்ல மழையாம்.